பள்ளி மூடி 15 மாதம்: நம் பிள்ளைகளோடு ஒரு நாளை எப்படி ஓட்டுகிறீர்கள்?

ஈரோட்டு அம்மா
6 ஜூலை 2021, இரவு 10.40

கொரோனா ஊரடங்கில் நின்றிருந்த பஸ்ஸை நேற்றிலிருந்து எங்கள் மாவட்டத்திலும் விட்டுவிட்டார்கள். அதனால்தான் இந்த இழை. காலையில் மெயின் ரோட்டில் ஹாரன் கேட்டதும் என் மகன் பையை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு ஓடினான். மதியச் சாப்பாடு வரை உள்ளே வரவில்லை. தூக்கிக்கொண்டு வரவும் முடியாது, வயது 11.

ஆட்டிசம். பத்துப் பன்னிரண்டு சொல் பேசுவான். பள்ளிக்கு அவன் வைத்திருக்கும் பெயர் "வேன்". போன வருடம் மார்ச் நடுவில் மூடிய சிறப்புப் பள்ளி, இன்னும் திறக்கவில்லை. இடையில் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் கொஞ்ச நாள் போய் வந்தார்கள். இவனுக்கு அதுவும் இல்லை. ஆனாலும் தினமும் எட்டரைக்கு யூனிஃபார்ம் கேட்பான். கொடுத்தால் போட்டுக்கொண்டு செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் உட்காருவான். கொடுக்காவிட்டால் தலையைச் சுவரில் இடிப்பான். மணிக்கட்டில் கடித்த தழும்பு ஆறவே மாட்டேன் என்கிறது.

பள்ளியில் இரண்டு வருடம் பாடுபட்டுக் கற்றுக்கொடுத்த டாய்லெட் பழக்கம் போயே போய்விட்டது. அதுதான் எனக்குப் பெரிய அடி.

பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் வீடியோ வருகிறது, குறை சொல்லவில்லை. அவன் அதைப் பார்ப்பதில்லை, விரலால் தள்ளித் தள்ளி விளையாடுகிறான். மாமியார் "டிவியைப் போட்டுவிடு" என்கிறார். எனக்குப் பாடம் வேண்டாம். காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை நீங்கள் எல்லாம் என்னதான் செய்கிறீர்கள், அதைச் சொல்லுங்கள்.

கூழாங்கல்
7 ஜூலை 2021, காலை 6.15

அம்மா, நான் ஒரு ஒன்றியத்தில் சிறப்புப் பயிற்றுநராக இருக்கிறேன். முதலில் அந்த யூனிஃபார்மை ஒளித்து வைக்காதீர்கள். அவனுக்கு நாள் தொடங்குவதே அதில்தான். போட்டுக்கொள்ளட்டும். போட்ட பிறகு என்ன என்பதுதான் அவனுக்குப் புரியாமல் இருக்கிறது.

சுவரில் ஒரு கயிறு கட்டுங்கள். துணி கிளிப் நாலு போதும். அவனுடைய சொந்தத் தட்டு, சொந்த வாளி, அவன் உட்காரும் பாய், மாடிப்படி என்று உங்கள் வீட்டுப் பொருளையே போனில் படம் எடுத்து, கலரில் பிரின்ட் போட்டு வரிசையாக மாட்டுங்கள். நெட்டில் கிடைக்கும் கார்ட்டூன் படம் வேண்டாம், பல பிள்ளைகளுக்கு அந்தத் தட்டு தன் தட்டு என்று தெரிவதில்லை. ஒரு வேலை முடிந்ததும் அந்தப் படத்தை அவன் கையாலேயே எடுத்து ஒரு டப்பாவில் போட வேண்டும். நாலில் தொடங்குங்கள். முதல் நாளே பத்துப் படம் மாட்டிவிட்டு, இரண்டாம் நாள் கைவிட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வேனுக்கும் ஒரு படம் வேண்டும். அதன் மேல் சிவப்பில் பெரிய குறுக்குக் கோடு. "இன்று வேன் இல்லை" என்று வாயால் நூறு முறை சொல்வதைவிட அது ஒருமுறை கண்ணில் பட்டால் போதும். ஆனால் அதற்குக் கீழேயே வேறொரு படம் இருக்க வேண்டும். வேன் இல்லை, சரி, அப்புறம் என்ன? அதற்குப் பதில் இல்லாமல் குறுக்குக் கோட்டை மட்டும் காட்டினால் தலை மறுபடியும் சுவருக்குத்தான் போகும்.

கை வேலைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். முருங்கைக்கீரை உருவுவது, சின்ன வெங்காயம் உரிப்பது, கொடியில் துணி கிளிப் மாட்டுவது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்கும் பிடி இவற்றில் வரும். பதினைந்து நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம்.

டாய்லெட் விஷயத்துக்கு டீச்சரைக் கேட்காதீர்கள். ஆயாம்மாவைக் கேளுங்கள். எந்த நேரத்தில், எப்படிக் கூட்டிப்போனார், என்ன சொன்னார் என்று அவருக்குத்தான் தெரியும்.

ஈரோட்டு அம்மா
7 ஜூலை 2021, காலை 9.02

ஆயாம்மா! பதினைந்து மாதமாக எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். நம்பர் தேடுகிறேன்.

தென்காசி சாரல்
7 ஜூலை 2021, பிற்பகல் 2.30

கூழாங்கல் டீச்சர் சொன்னது அந்தப் பையனுக்குச் சரி. ஆனால் இந்த முருங்கைக்கீரையைப் படித்ததும் எனக்கு எரிச்சல் வந்தது, மறைக்க விரும்பவில்லை.

என் மகளுக்கு மூளை முடக்குவாதம். நடக்க வாக்கர் வேண்டும், பேச்சு இழுத்து இழுத்து வரும், புத்தியில் ஒரு குறையும் இல்லை. அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. பள்ளி மூடியதும் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு போட்டார்கள். அதில் அவள் இல்லை. விசாரித்தால், அவளை "மாற்றுத்திறன் மாணவர்கள்" குழுவில் சேர்த்திருக்கிறார்களாம். அதில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் இருக்கிறது, ஒன்பதாம் வகுப்புப் பையனும் இருக்கிறான். கூட இருந்தவர்கள் இயற்கணிதம் போட்டுக்கொண்டிருந்தபோது இவளுக்கு வந்த வீடியோ: இலையில் பெயின்ட் தடவிக் காகிதத்தில் ஒற்றுவது எப்படி.

ஒரு நாள் அவளே எனக்குச் சொல்லித் தட்டச்சு செய்யச் சொன்னாள். "சார், எனக்கு இலை வேண்டாம், கணக்கு வேண்டும்." அந்தக் குழுவில் போட்டேன். ஒருவர் கைகூப்பும் படம் அனுப்பினார். அவ்வளவுதான்.

இன்னொன்று. பதினைந்து மாதத்தில் மூன்று அங்குலம் வளர்ந்துவிட்டாள். காலுக்குப் போடும் பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட் வளருமா? வாரம் இரண்டு நாள் இருந்த பிசியோதெரபியும் நின்றுபோனது. இப்போது முழங்கால் முழுசாக நீளுவதில்லை.

கூழாங்கல்
7 ஜூலை 2021, இரவு 8.50

நீங்கள் கோபப்படுவது நியாயம். எப்படி நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன், சப்பைக்கட்டு அல்ல. வட்டார வள மையத்தில் எங்களிடம் ஒரே பட்டியல்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உள்ள பிள்ளைகள் எல்லோரும் அதில். ஊரடங்கில் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து ஒரு குழு ஆக்கினோம். நானும் அப்படித்தான் செய்தேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை குறைபாடு இருக்கிறது. 21 வகைக்கும் ஒரே வீடியோ அனுப்பினால் அது யாருக்குமானது இல்லை.

உங்கள் மகள் வகுப்புக் குழுவில்தான் இருக்க வேண்டும். அங்கே பாடம் புரிய உதவி தேவைப்பட்டால் அதற்குத்தான் நாங்கள். தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னது நிற்காது. உங்கள் ஒன்றியத்துச் சிறப்புப் பயிற்றுநருக்கு ஒரு நகல்.

சேலம் இயன்முறை
8 ஜூலை 2021, காலை 7.20

தென்காசி ஐயா, முழங்காலைப் பற்றி. பிள்ளை வேகமாக வளரும் காலத்தில் எலும்பு முந்திக்கொள்ளும், தசை பின்தங்கும். இதைத்தான் நம் ஊரில் "நரம்பு இழுத்துக்கொண்டது" என்பார்கள். பள்ளி இருந்தவரை ஒரு நாளில் பத்து முறையாவது எழுந்து நின்றிருப்பாள். வீட்டில் கட்டில், நாற்காலி, கட்டில். மடங்கியே இருந்த கால் மடங்கியே பழகிவிட்டது.

வெடுக்கென்று இழுத்து நீட்டாதீர்கள். மெதுவாக, இறுக்கம் தட்டுப்படும் இடம் வரை கொண்டுபோய் முப்பது வரை எண்ணி நிறுத்துங்கள். அவள் பேச்சை நிறுத்திவிட்டால் வலிக்கிறது என்று அர்த்தம், சில பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பிறகு நிற்க வைக்க வேண்டும். பழைய வாரப் பத்திரிகை நாலைந்தை முழங்காலைச் சுற்றி வைத்து, மேலே பருத்தித் துண்டால் கட்டினால் கால் மடங்காது. சுவரில் சாய்ந்து, முன்னால் மேஜை, மேஜையில் அவளுடைய கணக்கு நோட்டு. நிற்பதும் படிப்பதும் ஒரே நேரத்தில் முடியும். ஐந்து நிமிஷத்தில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போகலாம். ஆனால் முதல் தடவை ஒரு பிசியோ நேரில் பார்த்த பிறகு செய்யுங்கள். இடுப்பு மூட்டு விலகியிருந்தால் கணக்கே வேறு.

ஸ்ப்ளின்ட்டைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த தடம் அரை மணி நேரத்துக்குள் மறையாவிட்டால் அது சிறுத்துவிட்டது, இனி போடாதீர்கள். இப்போது பஸ் ஓடுவதால் அளவெடுக்கக் கூட்டிப்போய்விடுங்கள். வீடியோ காலில் நான் நிறையச் செய்து பார்த்தாயிற்று, ஸ்ப்ளின்ட்டுக்கு அளவு மட்டும் அதில் எடுக்க முடியாது.

ஈலிங் சித்தப்பா
8 ஜூலை 2021, பிற்பகல் 3.05

லண்டனிலிருந்து. என் அண்ணன் மகனுக்கும் ஆட்டிசம். இங்கே, ஒரு பிள்ளைக்கு என்னென்ன சிறப்பு உதவி தர வேண்டும் என்று எழுதி வைக்கும் இ.எச்.சி. பிளான் என்று ஒரு சட்டப்பூர்வ ஆவணம் உண்டு. அது உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியை முழுக்க மூடவில்லை. இந்த ஜனவரி, பிப்ரவரி ஊரடங்கிலும் போய்க்கொண்டுதான் இருந்தான். அதற்காக எல்லாம் தேனும் பாலும் என்று நினைக்க வேண்டாம். போன வருடம் மே முதல் ஜூலை வரை, அந்தப் பிளானில் உள்ளதைக் கட்டாயம் தர வேண்டும் என்ற கடமையையே "முடிந்தவரை முயன்றால் போதும்" என்று தளர்த்தினார்கள். பேச்சுப் பயிற்சி அதோடு நின்றது.

தவிட்டுக்குருவி
8 ஜூலை 2021, பிற்பகல் 3.40

அங்கே தளர்த்துவதற்காவது ஏதோ இருந்திருக்கிறது.

விரல் பேச்சு
8 ஜூலை 2021, இரவு 9.30

காது கேளாத பிள்ளைகளை யாரும் சொல்லவில்லையே. என் மகள் ஆறாம் வகுப்பு, கைமொழி.

ஜூமில் பேசுகிறவர் படம் பெரிதாக வரும் அல்லவா? அது சத்தத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. கையால் பேசும் பிள்ளை எவ்வளவு பேசினாலும் அதற்குத் தெரியாது. ஒருநாள் என் மகள் கேள்வி கேட்கக் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள், திரையில் பெரிதாக வந்தது யார் தெரியுமா? மைக்கை அணைக்காத இன்னொரு பையனின் வீட்டுக் குக்கர். விசில் அடித்ததும் அந்த வீட்டு மின்விசிறி திரை முழுக்க.

யார் பேசுகிறார்களோ அவர்களை டீச்சர் ஸ்பாட்லைட் செய்ய வேண்டும், அதாவது அவர்கள் படத்தை எல்லோருக்கும் பெரிதாக நிறுத்த வேண்டும். ஒரு வகுப்புக்கு ஆறு பேருக்கு மேல் சேர்த்தால் விரல் தெரியாது. டீச்சர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் கறுத்துவிடும். எல்லா வகுப்பிலும் ஒரே நிறத்தில் பூப்போடாத சட்டை. இந்த நாலையும் எழுதி அனுப்பினேன். எங்கள் பள்ளி டீச்சர் அப்படியே பிடித்துக்கொண்டார், அவர் நன்றாக இருக்கட்டும்.

கல்வித் தொலைக்காட்சியை நம்பி உட்கார்ந்தும் பார்த்தோம். கைமொழிக்காரர் இல்லாத பாடம் இவளுக்கு வெறும் வாயசைப்பு. உதட்டைப் படிப்பாள், ஆனால் முகக்கவசம் போட்ட ஆளிடம் எதைப் படிப்பாள்?

ஆறு புள்ளி
9 ஜூலை 2021, காலை 11.10

நான் பார்வையற்றவன், கல்லூரி மாணவன். நான் படித்த விடுதிப் பள்ளியின் சின்னப் பிள்ளைகள் சிலருக்குப் போனில் பாடம் சொல்லித் தருகிறேன்.

போன வருடம் மார்ச்சில் விடுதியைக் காலி செய்யச் சொன்னபோது இரண்டு வாரம்தான் என்று நினைத்தார்கள். துணிப்பையோடு கிளம்பிவிட்டார்கள். பிரெயில் புத்தகம், சிலேட், கணக்குக்கான டெய்லர் ஃபிரேம் எல்லாம் அலமாரியில் பூட்டிக்கிடக்கிறது. ஒரு பாடத்தின் பிரெயில் புத்தகம் எவ்வளவு தடிமன் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், எல்லாவற்றையும் சுமக்கவும் முடியாது.

வாட்ஸ்அப்பில் வருவது கரும்பலகையின் போட்டோ. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் அதை "படம்" என்று வாசிக்கும். அடுத்தது, "படம்". அடுத்தது, "படம்". முப்பது படம் கேட்டுவிட்டு வகுப்பு முடிந்தது. பாடநூல் பி.டி.எஃப். எனக்குக் கிடைத்ததில் எழுத்துரு யூனிகோடு இல்லை, வாசிக்க விட்டால் ஏதோ மந்திரம் ஓதுவதுபோல் வருகிறது. கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும். பிழை இருக்கும், சமாளிக்கலாம். டீச்சர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எழுதுவதை வாயால் வாசித்துக் குரல் பதிவாக அனுப்புங்கள்.

இன்டர்நெட்டே வேண்டாம் என்பவர்களுக்கு: சாதா பட்டன் போனிலேயே கான்பரன்ஸ் கால் போட்டு நாலு பிள்ளைகளுக்குத் தினமும் மாலை அரை மணி நேரம் எடுக்கிறேன். யாரும் யாரையும் பார்க்க வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை, அதனால் எதுவும் குறையவில்லை :)

மேட்டுத்தெரு அக்கா
9 ஜூலை 2021, இரவு 11.55

எல்லோரும் அம்மா அம்மா என்றே எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் அக்கா. அதாவது நான். தாம்பரம் பக்கம். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார், அப்பா இல்லை. தம்பிக்குப் பத்து வயது, அறிவுசார் குறைபாடு, வலிப்பும் உண்டு.

பன்னிரண்டாவது இந்த வருடம்தான் முடித்தேன், பரீட்சையை ரத்து செய்துவிட்டார்கள், மார்க் இன்னும் வரவில்லை. ஒரு வருடமும் வீட்டில் ஒரே போன். பத்து மணிக்கு எனக்கு இயற்பியல், பத்து மணிக்கு அவனுக்குப் பாட்டு வீடியோ. போனைக் கொடுக்காவிட்டால் கத்துவான், அக்கம்பக்கத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள் கதவைத் தட்டுவார்கள். எனவே இயற்பியல் போயிற்று. யாரையும் குற்றம் சொல்லவில்லை.

போன வருடம் மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்த காலத்தில் அவனுடைய வலிப்பு மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்கும் இடம் அடுத்த மாவட்டம். இரண்டு நாள் மாத்திரை இல்லை, மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. இப்போது பத்து நாள் மிச்சம் இருக்கும்போதே வாங்கிவிடுவேன். எல்லோரும் அப்படிச் செய்யுங்கள்.

அந்தக் கயிறு, கிளிப் விஷயத்தை நானும் செய்து பார்க்கிறேன். பிரின்ட் போடக் கடை தூரம். வரைந்தால் பரவாயில்லையா?

கூழாங்கல்
10 ஜூலை 2021, காலை 5.50

தாராளமாக வரை கண்ணு. இல்லையென்றால் அட்டையையே வெட்டி ஒட்டு. சோப்புக்கு சோப்பு உறை, பாலுக்குப் பால் பாக்கெட்.

உன் அம்மாவிடம் கேள், தம்பிக்கு மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை வருகிறதா? இப்போதைக்கு (2021) மாதம் 1,500 ரூபாய். போன வருடம் அட்டைதாரர்களுக்குக் கொடுத்த 1,000 ரூபாய் நிவாரணம் வேறு, இது வேறு. விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில். உனக்கே மனசு கனத்தால் கிரண் என்ற மனநல உதவி எண் இருக்கிறது, போன செப்டம்பரில் தொடங்கினார்கள், இரவிலும் எடுப்பார்கள். கூடப்பிறந்தவர்கள் கூப்பிடக்கூடாது என்று சட்டமில்லை.

ஈரோட்டு அம்மா
29 ஜூலை 2021, இரவு 10.15

மூன்று வாரக் கதை சொல்கிறேன்.

ஆயாம்மாவைப் பிடித்துவிட்டேன். பள்ளியில் வேலை இல்லாமல் இப்போது ஒரு துணிக்கடையில் இருக்கிறார். கேட்டதும் சிரித்தார். "அவன் கடிகாரம் பார்த்துப் போகிறவன் இல்லம்மா. இன்டர்வெல் மணி அடிச்சாத்தான் எழுந்திருப்பான். மணி அடிக்காத சனிக்கிழமைகளில் பேன்ட்டிலேயே போயிடுவான்."

மணி! மறுநாள் பத்து நாற்பதுக்குப் பூஜை மணியை எடுத்து அடித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எழுந்து நேராக டாய்லெட் வாசலில் போய் நின்றான். எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. மாமியாருக்கு வந்ததே கோபம், சாமி மணியை எதற்கு எதற்கு அடிப்பது என்று. அன்று மாலையே சைக்கிள் கடையில் ஒரு பெல் வாங்கி ஜன்னல் கம்பியில் முடுக்கிவிட்டோம். இப்போது மாமியாரே அடிக்கிறார். மூன்று வாரத்தில் நனைத்தது நாலு தடவை.

வேன் குறுக்குக் கோட்டைத்தான் இன்னும் ஏற்கவில்லை. இரண்டு முறை கிழித்துப்போட்டான். மூன்றாவதை லேமினேட் செய்திருக்கிறேன்.

தென்காசி சாரல்
30 ஜூலை 2021, காலை 8.00

மணி சேதி அருமை. மகள் வகுப்புக் குழுவில் சேர்ந்துவிட்டாள். எழுத்தில் கொடுத்ததும் நாலே நாள். ஸ்ப்ளின்ட்டுக்கு அளவெடுத்தாயிற்று, வரவில்லை. கட்டுவதற்குப் பழைய வாரப் பத்திரிகை பத்தாமல் பக்கத்து சலூனில் வாங்கி வந்தேன். நிற்கும்போது நோட்டைத் தள்ளிவிட்டு அவற்றில் இருக்கும் ஜோசியத்தைப் படிக்கிறாள். ஏழு நிமிஷம் நிற்கிறாள்.

தவிட்டுக்குருவி
30 ஜூலை 2021, காலை 8.25

மூடிய மாதங்களுக்கும் சேர்த்து வேன் கட்டணம் கேட்கும் பள்ளிகளைப் பற்றித் தனி இழை தொடங்கலாமா? இங்கே எழுதினால் நல்ல பேச்சு கெட்டுவிடும்.

ஈரோட்டு அம்மா
3 நவம்பர் 2021, இரவு 9.40

திங்கட்கிழமை திறந்துவிட்டார்கள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு வேன் வந்தது. வாசலிலேயே நின்றவன் ஏறவில்லை! வண்டி புதிது, நிறம் வேறு. கயிற்றில் மாட்டியிருந்தது பழைய மஞ்சள் வேன் படம். டிரைவர் பொறுமையாகக் காத்திருந்தார். புது வேனைப் படம் எடுத்து அன்று இரவே மாட்டினேன். இன்று ஏறினான். நாளை தீபாவளி, மறுபடியும் குறுக்குக் கோடு. என்ன செய்வானோ.

மேட்டுத்தெரு அக்கா
10 நவம்பர் 2021, பிற்பகல் 1.20

எங்களுக்கு மூன்று நாள் பள்ளி, பிறகு தீபாவளி, பிறகு மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், மறுபடியும் விடுமுறை. நான் வரைந்த கயிறு இன்னும் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் தம்பிக்கு எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டே குறுக்குக் கோடு போட்ட படத்தைத் தேடினேன். டப்பாவில் இல்லை. அவன் எனக்கு முன்னால் எழுந்து, ஜன்னலில் தண்ணீரைப் பார்த்துவிட்டு, அதைத் தானே எடுத்துக் கிளிப்பில் மாட்டியிருக்கிறான்.

கூழாங்கல்
10 நவம்பர் 2021, பிற்பகல் 1.45

அதற்குக் கீழே என்ன மாட்டினான்?

மேட்டுத்தெரு அக்கா
10 நவம்பர் 2021, பிற்பகல் 1.50

முருங்கைக்கீரை. பக்கத்து வீட்டு மரம் மழையில் முறிந்து எங்கள் வாசலில்தான் கிடக்கிறது.